தேசிக்கன்று வைக்கும் பிள்ளைகளுக்கு

சந்தையில் தேசிக்காய் விலை ஏறுகிற காலங்களில் எங்கள் படலை அடிக்கடி திறக்கும். "ஐயா, எங்கட வளவில நிக்கிற தேசி இலையெல்லாம் மஞ்சளாப் போகுது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு இளம் பிள்ளைகள் வருவார்கள். புதுவீடு கட்டியவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து தாய் தகப்பனின் வளவைத் திருத்துகிறவர்கள், கந்தோரில் வேலை செய்துகொண்டு பின்னேரத்தில் மண்வெட்டி எடுக்கிறவர்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: மருந்துக் கடைக்குப் போக முதல் கிணற்றடிக்குப் போங்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான இணுவிலில் தேசி வாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கிறது. இலை அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். மரத்தடியில் நாம் கொட்டுகிறது மழையோடு இறங்கி நம் கிணற்றுக்கே வந்து சேர்கிறது. கீழே சொல்வதெல்லாம் இந்த நினைப்போடு சொல்வது.

நான் சொல்லும் தேசி நம் ஊரின் உருண்டைக் காய், மெல்லிய தோல். தமிழ்நாட்டுச் சந்தைகளில் எலுமிச்சை என்று விற்கிறதும் இதுதான்.

1. வெயில் விழுகிற இடமாகப் பாருங்கள்.

மாமரத்தின் கீழோ பலாவின் கீழோ இடம் வெறுமையாகக் கிடக்கிறது என்று அங்கே தேசியை வைக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. நிழலில் மரம் உயரும், இலையும் பச்சையாக நிற்கும், ஆனால் காய்க்காது. நாளொன்றுக்கு 6 மணித்தியாலமாவது நேர்வெயில் வேண்டும். மதிலிலிருந்து 10 அடி விடுங்கள். இரண்டு மரம் வைப்பதென்றால் இடையில் 15 அடிக்குக் குறைய வேண்டாம். முள்மரம் ஆகையால் குழந்தைகள் ஓடித் திரிகிற முற்றத்துக்கு ஆகாது.

புதுவீட்டுக்காரர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வீடு கட்டும்போது சீமெந்து குழைத்த இடம், உடைந்த கல்லையும் சாந்தையும் தாட்டு மேலே செம்மண் பரவிய இடம், இவை தேசிக்கு நஞ்சு. இந்த மரம் கேட்பது பி.எச். 5.5 இலிருந்து 7 வரையான மண். நம் செம்மண்ணோ சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. அதற்குள் சீமெந்தும் சேர்ந்தால் வேரால் சத்தை எடுக்க முடியாது. அலவாங்கால் இரண்டு அடி குத்திப் பாருங்கள். சாந்துக் கட்டி வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

2. கன்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டு வாங்குங்கள்.

தேசி விதையொன்றை ஊன்றினால் இரண்டு மூன்று முளை வருவதைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தக் கலப்பில்லாமல் தாய்மரத்தின் திசுவிலிருந்தே உருவான கருக்கள். அதனால் மாங்கொட்டையைப் போல ஏமாற்றாமல், தேசி விதை பெரும்பாலும் தாயைப் போன்ற மரத்தையே தரும். நன்றாகக் காய்க்கிற, நோயில்லாத மரமொன்று அயலில் இருந்தால் அதன் முற்றிய பழத்தைக் கேட்டு வாங்கி, விதையைக் கழுவி, காய விடாமல் உடனே ஊன்றுங்கள். காய்ந்த விதை முளைக்காது. காய்க்க 4 இலிருந்து 6 வருடம் செல்லும்.

பதி வைத்த கன்று 2, 3 வருடத்தில் காய்த்துவிடும். ஆனால் அதற்கு ஆணிவேர் இல்லை. வைகாசியிலிருந்து ஆவணி வரை வீசுகிற சோளகத்தில் சரிந்துபோகும், கம்பு நாட்டிக் கட்ட வேண்டும். ஒட்டுக்கன்று வாங்கினால் ஒட்டிய இடத்துக்குக் கீழே வருகிற தளிரை வருகிறபோதெல்லாம் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் சில வருடத்தில் அடிமரமே ஆளாகி நிற்கும்.

எனக்கு விதைக்கன்றில்தான் விருப்பம், காரணமும் உண்டு. தேசியைக் கொல்கிற பெரிய நோய்கள் விதையால் பரவுவதில்லை. பதியாலும் ஒட்டாலும் பரவும். பொறுமை இல்லாதவர்கள் விவசாயத் திணைக்களத்தின் நாற்றுமேடையிலோ, தாய்மரத்தைக் காட்டக்கூடிய ஒருவரிடமோ வாங்குங்கள். கோயில் திருவிழாக் கடையில் பூக்கன்றுகளோடு வைத்து விற்பதை வாங்க வேண்டாம்.

பலாலியிலிருந்து சென்னைக்கு விமானமும் காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிற காலம் இது. தமிழ்நாட்டில் நல்ல இனங்கள் இருப்பது உண்மை. கடையம் பக்கத்து எலுமிச்சையிலிருந்து தெரிந்தெடுத்து பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 அப்படிப்பட்டது. அதற்காகப் பையில் ஒரு கொப்பைச் சுற்றிக்கொண்டு வராதீர்கள். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் அனுமதியில்லாமல் தாவரம் கொண்டுவருவதைத் தடுக்கிறது. அந்தக் கொப்பின் தளிருக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சி முட்டை ஒன்று வந்தால் அதை அனுபவிக்கப்போவது எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும்.

3. குழி.

இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழம். கல்லுத் தட்டினால் உடைத்து எடுங்கள். மேல்மண்ணோடு மக்கிய மாட்டெருவைக் கலந்து, அடியில் பூவரசங் குழையோ கிளிசெரியாக் குழையோ தாட்டு, இரண்டு கிழமை ஆற விடுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கியதும் நடலாம். கன்று பையில் எந்த மட்டத்தில் நின்றதோ அதற்குக் கீழே போகக் கூடாது. அரை அடி மேடாக்கி அதில் நடுவது இன்னும் நல்லது. 2008 கார்த்திகையில் நிஷா புயலோடு வந்த மழைக்குப் பிறகு, தண்ணீர் நாட்கணக்காக நின்ற பள்ள வளவுகளில் தேசிகள் ஒன்றொன்றாகப் பட்டுப்போனதைக் கண்டிருக்கிறேன். மேட்டில் நின்றவை தப்பின.

4. தண்ணீரைப் பற்றி நீளமாகச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறில்லை. வருடத்தில் மாரி மூன்று மாதம் பெய்கிற மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தங்குகிறது. அதற்கும் கீழே கடலின் உப்புத் தண்ணீர் நிற்கிறது. கனம் குறைந்த நல்ல தண்ணீர் அதன் மேல் எண்ணெய் போல மிதக்கிறது. நவக்கிரியில் நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உவர். நம் வீட்டுக் கிணறுகளும் இந்தக் கணக்குக்குள்தான் நிற்கின்றன. அளவில்லாமல் இறைத்தால் உவர் மேலே வரும். தேசி உப்பைத் தாங்காத மரம். இலை நுனி கருகத் தொடங்கினால் உப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

நம் தண்ணீர் வன்தண்ணீர். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைப் படை மரத்தடி மண்ணிலும் படிகிறது. வருடக்கணக்காக இறைக்க இறைக்க மண்ணின் காரம் ஏறுகிறது. அதனால் தேசிக்குத் தேவையான அளவு மட்டும் இறைப்பது, கிணற்றைக் காப்பதோடு மரத்தையும் காக்கிறது.

எவ்வளவு தேவை? முதல் வருடக் கன்றுக்குக் கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஒரு வாளி. காய்க்கிற மரத்துக்குக் கிழமைக்கு ஒரு தடவை, ஆனால் வேர் முழுவதும் நனைகிற மாதிரி. தினமும் குழாயைப் பிடித்து மேலால் நனைத்துவிட்டுப் போவதுதான் பெரும் கேடு. மேல்மண் ஈரமாகவே கிடக்கும், வேர் கீழே போகாது, அடிமரத்தில் அழுகல் பிடிக்கும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். இரண்டு விரற்கட்டை ஆழத்தில் ஈரம் இருந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

வளர்ந்த தேசி நாம் நினைப்பதை விடத் தாங்கும். 1995 ஒக்டோபர் 30 அன்று போரால் வலிகாமமே எழும்பிப் போனது. அடுத்த சித்திரைக்குப் பிறகு சனம் திரும்பி வந்தபோது கன்றுகளையும் சிறு மரங்களையும் ஆடுமாடு தின்று முடித்திருந்தன. வேரூன்றிய தேசிகள் பலவற்றில், பெய்த மாரியை மட்டும் குடித்துக்கொண்டு, யாரும் பறிக்காத காய் பழுத்து விழுந்து கிடந்தது.

பாத்தி கட்டுகிற முறையும் முக்கியம். அடிமரத்தைச் சுற்றி ஒரு அடிக்கு மண்ணை உயர்த்தி, அதற்கு வெளியே கொப்புகளின் நிழல் விழுகிற எல்லை வரை வட்டமாக வாய்க்கால் போடுங்கள். தண்ணீர் வெளி வட்டத்தில் நிற்க வேண்டும், அடிமரம் காய்ந்திருக்க வேண்டும். குடிக்கிற வேர் அந்த எல்லையில்தான் இருக்கிறது, அதுவும் மேல் ஒன்றிரண்டு அடிக்குள். அதனால் மரத்தடியை மண்வெட்டியால் ஆழக் கொத்தவே கூடாது. புல்லைக் கையால் பிடுங்குங்கள்.

அந்த வட்டத்தில் பழைய பனையோலை, பொச்சுமட்டை, காய்ந்த சருகு, எது கிடைத்தாலும் பரவுங்கள். அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விட்டு. தோட்டத்தில் பனையோலை தாட்ட நம் பெரியவர்கள் அதனால் மண்ணின் ஈரத்தையும் சத்தையும் ஒன்றாகக் காத்தார்கள். வேலிக்கும் கூரைக்கும் ஓலை போடுவது குறைந்துவிட்ட இந்தக் காலத்தில் வளவுப் பனையின் காவோலை வீணாகக் கிடக்கிறது. அதைக் கொளுத்தாதீர்கள்.

குளிக்கிற தண்ணீரும் உடுப்புத் தோய்க்கிற தண்ணீரும் வாழைக்குப் போகட்டும். சவர்க்காரத் தூளில் உள்ள காரமும் சோடியமும் தேசிக்கு ஆகாது.

5. பசளை போடும் கை, கிணற்றையும் நினைக்க வேண்டும்.

இணுவில் புகையிலைக்குப் பேர்போன ஊர். அதற்கு முன்பு வன்னியிலிருந்து லொறியில் மாட்டெரு வரும், ஆட்டுப்பட்டி அடைப்போம், குழை தாழ்ப்போம். பிறகு யூரியா வந்தது. மலிவாக வந்தது, அள்ளிப் போட்டோம். செம்மண் தண்ணீரை விரைவாகக் கீழே விடுகிற மண். பயிர் எடுத்தது போக மிச்ச நைதரசன் நைத்திரேற்றாகிச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கியது. வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொன்ன லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசன் சுமக்கிற ஆற்றல் குறையலாம். இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்த நைத்திரேற்றில் ஒரு வளவுத் தேசியின் பங்கு சிறிதுதான், ஆனால் அந்தத் தேசி நிற்பது பெரும்பாலும் கிணற்றிலிருந்து இருபது அடிக்குள்.

காய்க்கிற மரத்துக்கு வருடம் 25 இலிருந்து 30 கிலோ மக்கிய மாட்டெரு போதும். பாதியை மாரி முடிந்து தை, மாசியிலும் மீதியை ஆவணி, புரட்டாதியிலும் வெளி வட்டத்தில் போட்டு மண்ணால் மூடுங்கள். பச்சை எரு வேண்டாம். அதன் சூடு வேரைச் சுடும், காண்டாமிருக வண்டும் அதில் முட்டையிடும். ஆட்டெரு காரமானது, அரைவாசி அளவு போதும். இரசாயனப் பசளை போடுவதென்றால் ஒரு தடவைக்கு ஒரு சிறங்கைக்கு மேல் யூரியா வேண்டாம், ஈரமண்ணில் மட்டும் போடுங்கள், ஐப்பசி கார்த்திகை அடைமழைக்குள் ஒருபோதும் போடாதீர்கள். அப்போது போட்டது நேரே கிணற்றுக்குப் போகும்.

2021 மே மாதம் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியபோது தோட்டக்காரர் பட்ட பாடு கொஞ்சமல்ல. நவம்பரில்தான் தடை தளர்ந்தது. அந்த மாதங்களில் எருவும் குழையும் போட்டுப் பழகிய வளவுமரங்கள் எந்தக் குறையும் இல்லாமல் நின்றதைப் பார்த்தேன். இரவோடிரவாக மண்ணை மாற்ற முடியாது. வருடக்கணக்காகக் குழை தின்ற மண் தாங்கும்.

6. மஞ்சளில் பல மஞ்சள் உண்டு.

இலையைப் பறித்துக் கையில் வைத்துப் பாருங்கள். கீழ்க் கொப்பின் முதிர்ந்த இலை முழுவதும் வெளிறினால் நைதரசன் குறைவு. முதிர்ந்த இலையின் காம்புப் பக்கத்தில் மட்டும் கூரான பச்சை மிஞ்சி மற்றதெல்லாம் மஞ்சளானால் மக்னீசியம் குறைவு. நடுநரம்பு மஞ்சளாகி மற்ற இடம் பச்சையாக இருந்தால் அடிமரத்தைப் பாருங்கள்: பட்டை வெடித்துப் பிசின் வடிகிறதா, கட்டிய கயிறு இறுக்கிவிட்டதா?

நம் ஊரில் அதிகம் காண்பது வேறு: இளந்தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இலை சிறுத்துக் குறுகி நிமிர்ந்து நின்றால் நாகச்சத்துக் குறைவு. வலைப் பின்னலாக நரம்பு பச்சை காட்டினால் இரும்புச்சத்துக் குறைவு. செம்மண்ணின் சிவப்பே இரும்புதான், பிறகெப்படிக் குறைவு என்று கேட்பீர்கள். இரும்பு இருக்கிறது, சுண்ணாம்பின் காரம் அதை வேர் எடுக்க முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறது. அதனால் மண்ணில் இரும்பாணி தாழ்ப்பதில் பலனில்லை, இலைக்குக் கொடுக்க வேண்டும். நாகச்சத்துக் குறைவுக்கு 10 லீற்றர் தண்ணீரில் 50 கிராம் நாகசல்பேற்றும், இலை கருகாமலிருக்க அதில் அரைவாசி நீற்றிய சுண்ணாம்பும் கரைத்து வடித்து, புதுத்தளிர் விரிந்ததும் பின்னேரத்தில் தெளியுங்கள். வருடத்தில் மூன்று தளிர்ப்புக்கு மூன்று தடவை. நிரந்தர வைத்தியம் மக்கு எருதான். அது சிதையும்போது உண்டாகும் அமிலம் வேரடியில் பூட்டைத் தளர்த்தும்.

இனிச் சொல்வது கடைசி மஞ்சள், அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். இலையை நடுநரம்போடு மடியுங்கள். சத்துக் குறைவென்றால் இரண்டு பக்கத்து மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். பொருந்தாமல், ஒரு பக்கம் திட்டுத்திட்டாகவும் மறுபக்கம் வேறு விதமாகவும் இருந்தால், ஒரு கொப்பு மட்டும் மஞ்சளாகி நின்றால், காய் கோணலாகி விதை கருகியிருந்தால், பசுமை நோயைச் சந்தேகிக்க வேண்டும். பக்டீரியாவால் வருவது, மருந்தில்லாதது. சீனர் இதை மஞ்சள் டிராகன் நோய் என்பார்கள். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 2005 இல் கண்டுபிடித்தார்கள். 2003–04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி தோடம்பழம் விளைந்த அந்த மாநிலத்தில் 2023–24 இல் ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் பெட்டிதான். புயல்களும் வீடுமனை விற்பனையும் சேர்ந்தன என்றாலும் பெரும் பங்கு இந்த நோயினுடையது. இலங்கையிலும் இந்த நோய் இருக்கிறது.

பரப்புவது 3, 4 மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு சிறு தத்துப்பூச்சி. தளிரில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்வாக இருக்கும். குஞ்சுகள் வெள்ளை மெழுகு நூல் விடும். இது கறிவேப்பிலையிலும் பெருகும். நம் வளவுகளில் கிணற்றடியில் கறிவேப்பிலையும் தேசியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது வழக்கம். இனி வைக்கிறவர்கள் இரண்டையும் வளவின் இரண்டு மூலையில் வையுங்கள். கறிவேப்பிலைத் தளிரை அடிக்கடி ஒடித்துச் சமையலுக்கு எடுங்கள், பூச்சி கண்டால் அந்தத் தளிரைக் கொளுத்துங்கள். சந்தேகமான கொப்பைப் பையில் போட்டுக் கட்டி, கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். நோயென்று உறுதியானால் மரத்தைத் தறிக்க மனம் வராது. தறியுங்கள். அயலில் நிற்கிற தேசிகளை எண்ணிப் பாருங்கள்.

7. புழுவும் முசுறும்.

இளங்கன்றின் இலையில் குருவி எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். அது வண்ணத்திப்பூச்சிப் புழு. வளர்ந்ததும் பச்சையாகிவிடும், தொட்டால் தலையிலிருந்து செம்மஞ்சள் கொம்பு நீட்டி மணக்கும். சிறு கன்றை இரண்டு நாளில் மொட்டையாக்கும். காலையில் கையால் பொறுக்கினால் போதும். பெரிய மரத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது, நாலு வண்ணத்திப்பூச்சி பறந்துவிட்டுப் போகட்டும்.

தளிரில் வெள்ளிக் கோடு போட்டு இலையைச் சுருட்டுவது இலைச்சுரங்கப் புழு. ஒரு லீற்றருக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து இரவு ஊறவைத்து வடித்து, துளி சவர்க்காரம் சேர்த்துத் தளிர் வரும்போது பின்னேரத்தில் தெளிக்கலாம். புகையிலைக் காம்பு ஊறிய தண்ணீரைத் தெளிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. நிக்கொட்டின் மனிதருக்கும் தேனீக்கும் நஞ்சு; காய் பறித்துச் சாறு பிழியும் மரத்துக்கு வேண்டாம்.

முசுறுக் கூட்டைப் பந்தம் கொளுத்திச் சுடுகிற வேலையை நிறுத்துங்கள். சீனாவில் கி.பி. 304 அளவில் எழுதப்பட்ட தாவர நூலொன்று, தோடைத் தோட்டங்களைக் காக்க முசுறுக் கூடுகளைச் சந்தையில் விற்றதைச் சொல்கிறது. பூச்சியைக் கொண்டு பூச்சியை அடக்கியதற்கு உலகில் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்று அது. முசுறு நிற்கிற மரத்தில் புழு தங்காது. ஒரு குறை உண்டு: செதிற்பூச்சியின் இனிப்புக்காக அதை முசுறு காவல் காக்கும். இலை கறுப்புப் படிந்து பிசுபிசுத்தால் அந்தக் கொப்பை வெட்டுங்கள், கூட்டை விடுங்கள். பறிக்கும்போது கடிக்கும்தான். கைக்குச் சாம்பல் பூசிக்கொண்டு ஏறுங்கள்.

8. சொறி.

இலையிலும் காயிலும் தடித்த மண்ணிறப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். மாரியில் காற்றோடு அடிக்கிற மழை இதைக் கொப்புக்குக் கொப்பு கொண்டுபோகும். இலைச்சுரங்கப் புழு அறுத்த காயம் அதற்குக் கதவு. நம் தேசி இந்த நோய்க்கு மிகவும் இளக்கமானது. சொறியால் காயின் சாறு கெடுவதில்லை, ஆனால் கோயிலுக்குக் கொண்டுபோகவோ சந்தையில் விற்கவோ முடியாது.

மழைக்கு முன், புரட்டாதியில் நோய்க் கொப்பை வெட்டிக் கொளுத்துங்கள். பிறகு போடோக் கலவை. நம் முந்திரிகைத் தோட்டக்காரருக்கு இது பழக்கமானது; 1880 களில் பிரான்சின் போர்டோ பகுதி முந்திரிகைத் தோட்டங்களில் பிறந்தது. 100 கிராம் மயில்துத்தத்தை 5 லீற்றர் தண்ணீரிலும் 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னொரு 5 லீற்றரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். துலக்கிய இரும்புக் கத்தியைத் தோய்த்துப் பாருங்கள். செப்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதாது. அன்றன்றே அடித்து முடிக்க வேண்டும், மறுநாளுக்கு ஆகாது. பூத்திருக்கும்போது அடிக்காதீர்கள்.

9. வெட்டுவதில் கஞ்சத்தனமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்.

அடியிலிருந்து நேரே விறுவிறென்று எழும்புகிற தண்ணீர்க் கொப்பு, காய்ந்த கொப்பு, உள்ளுக்குள் ஒன்றோடொன்று உரசுகிற கொப்பு, இவற்றை எடுங்கள். குருவிச்சை கண்டால் அது பிடித்த இடத்துக்கு ஒரு அடி கீழே சேர்த்து வெட்டுங்கள். குருவிச்சையை மட்டும் ஒடித்தால் திரும்பவும் வரும். தரையிலிருந்து இரண்டு அடி வரை அடிமரம் வெறுமையாக இருக்கட்டும்.

10. பூவும் பிஞ்சும்.

தேசி, வாடி நின்று பிறகு ஈரம் கண்டால் பூக்கும். பூத்ததிலிருந்து பறிக்க 5, 6 மாதம். எல்லோருடைய மரமும் மழையோடு சேர்ந்து பூப்பதால் எல்லோருக்கும் ஒரே காலத்தில் காய் வந்து விலை விழுகிறது. இறைப்பை மூன்று நான்கு கிழமை நிறுத்தி, இலை சற்றே தொங்கியதும் எருவும் தண்ணீரும் கொடுத்து வேறு காலத்தில் பூக்க வைக்கலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த மரத்திலும், நோயில் நிற்கிற மரத்திலும் இதைச் செய்யாதீர்கள்.

பூத்த பிறகு தண்ணீர் தவறினால் பிஞ்சு கொட்டும். நெடுநாள் காய்ந்து கிடந்த மரத்துக்கு ஐப்பசி முதல் மழை ஒரேயடியாகக் கிடைத்தால் காய் வெடிக்கும்; புரட்டாதியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்து வந்தால் வெடிக்காது. பூவெல்லாம் காயாகாது, நூற்றுக்குச் சிலதுதான் நிற்கும். அதற்காகக் கடைக்காரர் நீட்டுகிற ஓமோன் போத்தலை வாங்க வேண்டாம்.

11. பறிப்பது.

கடும்பச்சை இளகி, தோல் மினுமினுத்து, விரலால் அமத்தினால் சற்றே இணங்கும்போது பறியுங்கள். பனி காய முதலும் மழை விட்ட கையோடும் தொடாதீர்கள். தண்ணீர் முட்டி நிற்கும்போது அமத்துப்பட்டால் தோலின் எண்ணெய்ப் பைகள் உடைந்து, மறுநாள் மண்ணிறத் தழும்பு விழும். இழுத்துப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் காம்பின் மொட்டோடு வெட்டுங்கள். மொட்டுக் கழன்ற இடத்தால்தான் பூஞ்சணம் ஏறும். மரத்தைக் குலுக்குவது, கொக்கத்தடியால் அடிப்பது, இரண்டும் வேண்டாம்.

வீட்டுத் தேவைக்கு, காய்ந்த மணல் போட்ட மண்பானையில் ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி நிழலில் வைத்தால் பல கிழமை இருக்கும். நன்றாக மஞ்சளானதை நாலாகக் கீறி உப்பு அடைத்து ஊறுகாய்க்கு வெயிலில் வையுங்கள். சொதிக்கு இளம்பச்சையே நல்லது, அடுப்பால் இறக்கிய பிறகு விட வேண்டும். மருதனார்மடம் சந்தைக்குக் கொண்டுபோகிறவை காம்போடு, ஈரமில்லாமல், கடகத்தில் போகட்டும். சாக்கில் கட்டிச் சைக்கிள் கரியரில் வைத்தால் அடியில் கிடப்பதெல்லாம் நசிந்துவிடும், வியாபாரி முதலில் கையை விடுவதும் அடிக்குத்தான்.